வெள்ளைக்காரன் வைத்த தீர்மானம்

எங்கள் பங்குத் திருவிழாவுக்கு இந்த வருடம் சிறப்பு மலர் போடுகிறார்களாம். பேண்ட் செட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "மாமா, நீங்க குமுளியில வெள்ளைக்காரவுகளுக்கு பாஞ்சோ வாசிச்சீகளாம்ல, அதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும்" என்றார்கள். ரெண்டு பக்கமாம். கல்யாணப் பத்திரிகையே இப்போதெல்லாம் நாலு பக்கம் அடிக்கிறார்கள்.

அதில் ஒருவன் கையோடு தன் கைப்பேசியை எடுத்து ஒரு பாட்டைப் போட்டான். நாங்கள் வருடக்கணக்கில் வாசித்த அதே பாட்டு. போன கிறிஸ்துமஸுக்கு நான் வீட்டில் வாசித்தபோது அவன் கேட்டிருக்கிறான். "மாமா, நீங்க வாசிக்கையில ஒரு எடத்துல மூணு தடவ வருமே, இதுல அது இல்லையே?" என்றான். நல்ல காது. அவன் கேட்டதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. பக்கக் கணக்கை மலர்க் குழு பார்த்துக்கொள்ளட்டும்.

என் பெயர் சவரிமுத்து. சின்னமனூருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் பகலில் திராட்சைத் தோட்ட வேலை, மற்ற நேரத்தில் பேண்ட் செட். தேர் பவனி, கல்யாணம், அடக்கம், எல்லாவற்றுக்கும் நாங்கள்தான். எனக்குப் புல்புல்தாரா வாசிக்கத் தெரியும். தட்டச்சு இயந்திரம் மாதிரி கட்டைகளை அமுக்கி, தந்தியை மீட்டுவது. எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் அதற்குப் பெயரே பாஞ்சோதான். கற்றுக்கொண்ட கதை எல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான், அடி வாங்கிக் கற்றுக்கொண்டேன், அவ்வளவு போதும்.

எங்கள் பேண்டுக்குத் தலைவர் செபஸ்தியான் மாஸ்டர். டிரம்பெட் ஊதுவார். மிஷன் பள்ளியில் படித்தபோது ஒரு சாமியாரிடம் நோட்ஸ் பார்த்து வாசிக்கப் பழகியவர். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. டிரம்பெட்டை அவர் மனைவியின் பழைய நூல் சேலையில் சுற்றித்தான் கொண்டுவருவார். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஒத்திகையில் யாராவது தப்பு விட்டால் கையைத் தூக்கி நிறுத்துவார். டிரம்பெட்டின் வாய்ப்பகுதியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைப்பார். பிறகு, "நான் தப்பா ஊதிட்டேன். இன்னொருக்கா" என்பார்.

தப்பு விட்டது அவர் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். யார் விட்டது என்றும் தெரியும். விட்டவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அடுத்த தடவை ஒழுங்காக வாசிப்பான். நான் வேறு மாஸ்டர்களிடமும் வாசித்திருக்கிறேன், குச்சியை விட்டெறிகிறவர்கள், சாதியைச் சொல்லித் திட்டுகிறவர்கள். செபஸ்தியான் மாஸ்டரின் அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்த மாதிரி நான் எதற்கும் பயந்ததில்லை.

தொண்ணூற்றாறு வாக்கில் குமுளியில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டலிலிருந்து ஆள் வந்தது. "உங்க பேண்டுல பாஞ்சோ வாசிக்க ஆள் இருக்கா?" என்று கேட்டார்களாம். மாஸ்டர் பெருமையாக "இருக்கான்" என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் புல்புல்தாராவை மடியில் வைத்ததும் மேனேஜர் அதை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த வேறொன்றைக் கழற்றி வந்து கொடுத்தார். கஞ்சிராவுக்குக் கழுத்து வைத்த மாதிரி இருந்தது. உருண்டைத் தோல், நீள மரம், நாலு தந்தி. "இதுதான் பாஞ்சோ" என்றார். "சரிங்க சார், இதையும் வாசிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். வயசு அப்படி.

மலை மேல் ஒரு எஸ்டேட்டில் வெள்ளைக்காரர் காலத்துக் கிளப் ஒன்று இருந்ததாம். அதை மூடியபோது நாற்காலி, மேசை, கிராமபோன், ஒரு பெட்டி நிறைய ரெக்கார்டுகள், இந்த பாஞ்சோ எல்லாவற்றையும் ஹோட்டல் முதலாளி அலங்காரத்துக்காக வாங்கிப் போட்டிருந்தார். ரெக்கார்டுகளில் பாதி உடைந்திருந்தன. மிச்சத்தைக் கம்பத்தில் கேசட் பதிவு செய்யும் கடையில் கொடுத்து ஒரே கேசட்டில் ஏற்றி வைத்திருந்தார் மேனேஜர். "இது ஜாஸ். அதுலயும் ரொம்பப் பழசு. அவங்க ஊர்ல வயசானவங்க இப்ப இதைத் தேடித் தேடிக் கேக்குறாங்க. நம்ம ஹோட்டலுக்கு வர்றதும் அந்த வயசுக்காரங்கதான். சாயந்திரம் டீ நேரத்துக்கு நீங்க இதை வாசிக்கணும். கேசட்ல எப்படி இருக்கோ, அப்படியே" என்றார்.

அந்த "அப்படியே" என்ற சொல்லை மாஸ்டர் பைபிள் வசனம் மாதிரி பிடித்துக்கொண்டார்.

ஊரில் திராட்சை ஏற்றும் கொட்டகையில்தான் ஒத்திகை. நடுவில் டேப் ரெக்கார்டர், சுற்றி நாங்கள் ஏழு பேர். மாஸ்டர் ஆளுக்கு ஒரு வாத்தியத்தைப் பிரித்துக் கொடுப்பார். "ஆரோக்கியம், நீ கிளாரினெட்டை மட்டும் கேளு. மத்த சத்தம் உன் காதுல விழவே கூடாது. சவரி, நீ பாஞ்சோ." ஒரு வரி ஓட விடுவார், நிறுத்துவார், பின்னால் சுற்றுவார், திரும்ப ஓட விடுவார். ஆரோக்கியம் எங்கள் கோமாளி. "மாஸ்டர், என் காதுல கேசட்டு ஓட்டுற மோட்டார் சத்தந்தான் கேக்குது, அதை ஊதவா?" என்பான். அவர் சிரிக்காமல் மறுபடியும் பின்னால் சுற்றுவார்.

ஒரு இடம் கூட மாற்ற விடமாட்டார். நான் ஒரு தடவை, "மாஸ்டர், இந்த எடத்துல ஒரு கமகம் போட்டா நல்லா இருக்குமே" என்றேன். "அது அவுக ஊர் பாட்டு, சவரி. நம்ம மாதா பாட்டை எவனாச்சும் வந்து இஷ்டத்துக்கு மாத்துனா நமக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். நான் கமகத்தை விட்டுவிட்டேன்.

பாஞ்சோவில் எனக்கு இருந்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பாட்டு வாசிக்கவே கூடாது. தட்டுக்கு ஒரு வெட்டு, ஜக் ஜக் ஜக் ஜக், பாட்டு முழுக்க அதுதான். மெல்லிசையில் முன்வரிசையில் பாட்டு வாசித்தவனுக்கு முதலில் அவமானமாகத்தான் இருந்தது. மாஸ்டர் சொன்னார்: "ஏலே, நீதாண்டா தூணு. நாங்க எல்லாம் உன் மேல சாஞ்சுக்கிட்டு ஆட்டம் போடுறோம். தூணு ஆடலாமா?" போகப் போக அந்த வேலையில் ஒரு சுகம் கண்டுகொண்டேன். கை தன்பாட்டுக்குப் போகும், கண் சும்மா இருக்கும். வாசிக்கும்போது கூட்டத்தை முழுசாகப் பார்க்கக் கிடைத்தது எங்களில் எனக்கு மட்டும்தான்.

குமுளி மேகம் இறங்கிவிட்டால் பாஞ்சோத் தோல் தளர்ந்துபோகும். பொத் பொத் என்று சத்தம் வரும். ஹோட்டல் சமையலறையில் ரொட்டி அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்று, தோலைக் காட்டிக்கொண்டே நகத்தால் சுண்டிப் பார்ப்பேன். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். டிங் என்று வந்ததும் எடுத்துவிட வேண்டும், ஆசைப்பட்டு நின்றால் தோல் வெடித்துவிடும். ஒரு தடவை வெடித்தே போனது. உத்தமபாளையத்தில் தவிலுக்குத் தோல் மாட்டுகிறவரிடம் கொண்டுபோய் ஆட்டுத்தோல் மாட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்னப்பா, தவிலுக்குப் பொறந்த வீணையா?" என்றார். ஆனால் மாட்டிக் கொடுத்த தோல் எத்தனையோ மழைக்குத் தாங்கியது. அந்தக் கைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

இனி அந்த மூன்று தடவை விஷயம்.

கேசட்டில் மூன்றாவதாக வரும் பாட்டு நல்ல துள்ளலான பாட்டு. அதன் நடுவில் ஒரு சின்னத் துண்டு, இரண்டு தட்டு நீளம்தான் இருக்கும், அது அப்படியே மூன்று முறை வரும். மூன்றாவது முடிந்ததும் 'தொம்' என்று ஒரு சத்தம். பிறகு பாட்டு தொடரும். முதல் தடவை கேட்டபோது மாஸ்டர் டேப்பை நிறுத்திவிட்டு எங்கள் எல்லோரையும் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பாத்தீகளாடா? வெள்ளைக்காரனும் தீர்மானம் வைக்கிறான்!"

தவில்காரர்கள் ஒரு சின்னச் சொல்லை மூன்று முறை அடித்து, கடைசி அடியில் கச்சிதமாக வந்து உட்காருவார்களே, அதற்குத்தான் தீர்மானம் என்று பெயர். கோயில் திருவிழாவில் நாகசுரம் கேட்டு வளர்ந்த எவனுக்கும் அது ரத்தத்தில் ஊறியது. மாதா கோயில் பிள்ளைகள் என்பதால் எங்களுக்கு மட்டும் ஊறாமல் போய்விடுமா? சின்னப்பனிடம் பெரிய டிரம் இருந்தது. அந்தத் 'தொம்' அவனுக்கு. மற்ற எல்லோரும் அந்தத் துண்டை மூன்று முறை சேர்ந்து வாசித்து, அவன் அடியில் வந்து இறங்க வேண்டும். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தோம். கத்தி மாதிரி வந்தது.

ஹோட்டலில் அதை வாசிக்கும்போதெல்லாம் வெள்ளைக்காரர்கள் சரியாக அந்த இடத்தில் தலை நிமிர்வார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சிலர் கைதட்டுவார்கள். "தீர்மானம் எந்த ஊருக்காரனுக்கும் புரியுது பாரு" என்பார் மாஸ்டர். மேலே சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கோட்டு, தலையில் ஓலைத் தொப்பி, உள்ளே வயிறு நிறையப் பெருமை. இப்படியே வருடங்கள் ஓடின. அந்த வருமானத்தில்தான் என் மகள் நர்ஸ் படிப்பு முடித்தாள், சின்னப்பன் வீட்டுக்கு ஓடு போய்க் கான்கிரீட் வந்தது. நான் எதையும் குறையாகச் சொல்லவில்லை, நல்ல காலம் அது.

பிறகு பழைய மேனேஜர் போய்க் குரியன் சார் வந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர், சின்ன வயசு, முறையாகப் பியானோ படித்தவர். முதல் நாள் மாலையே எங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். அந்த இடம் வந்ததும் அவரும் மற்றவர்கள் மாதிரியே சிரித்தார். ஆனால் முடிந்ததும் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மாஸ்டரே, ஒரு காரியம் சொன்னா கோபப்படக் கூடாது, கேட்டோ. அந்த மூணு தடவை வர்றது பாட்டிலே இல்லை."

"கேசட்ல இருக்கே சார்."

"கேசட்டிலே உண்டு. பாட்டிலே இல்லை. அது ரெக்கார்டிலே கீறல். ஊசி சிக்கித் திரும்பத் திரும்ப அதே இடத்திலே ஓடியிருக்கு. அந்த 'தொம்' பதிவு பண்ண கடைக்காரர் கிராமபோன் பெட்டியைத் தட்டின சத்தம்."

தன் அறைக்குக் கூட்டிப்போய் ஒரு சி.டி. போட்டுக் காட்டினார். அதே பாட்டு. அந்த இடம் வந்தது, துண்டு ஒரே ஒரு முறை வந்துவிட்டுப் பாட்டு நேராக ஓடிப்போனது. மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

குரியன் சார் கெட்டவர் இல்லை. சொன்ன விதமும் மரியாதையாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் இங்கிலாந்திலிருந்து ஒரு பெரிய குழு வருகிறது, எல்லோரும் இந்த வகை ஜாஸில் ஊறியவர்கள், தங்கள் ஊரில் இதற்கென்றே சங்கம் வைத்துக் கேட்கிறவர்கள், அவர்கள் முன்னால் இப்படி வாசித்தால் ஹோட்டலுக்கே அசிங்கம் என்றார். அதற்குள் சரியாகிவிட்டால் நீங்களே வாசியுங்கள், இல்லாவிட்டால் கொச்சியிலிருந்து கீபோர்டு வாசிக்க ஆள் சொல்லிவிடுவேன், பிறகு உங்களுக்கு இங்கே வேலை இருக்காது என்றும் சொன்னார். அவர் நியாயம் அவருக்கு. தப்பைத் தப்பு என்று சொல்லத்தானே மேனேஜர்.

வேனில் திரும்பும்போது மலைப்பாதை லோயர் கேம்பில் இறங்கும் வரை மாஸ்டர் ஓலைத் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே வந்தார். கூடலூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"இத்தன வருசமா அவுக அந்த எடத்துல சிரிச்சது நம்மளப் பாத்துத்தானா சவரி?"

வேலை போய்விடுமோ என்பதுதான் எங்கள் மற்ற எல்லோருக்கும் பயம். அவருக்கு அது பெரிதாகவே தெரியவில்லை. தன் வாழ்நாளில் எதை உச்சம் என்று நினைத்தாரோ, அந்த இடத்தில் ஊர் உலகம் தன்னைக் கேலி செய்திருக்கிறது என்ற நினைப்பு அவரை அரித்தது. இந்தக் குழுவுக்கு மட்டும் ஊதிவிட்டு டிரம்பெட்டை வைத்துவிடப்போவதாக வீட்டில் சொன்னாராம். அவர் மனைவி ஞானம் அக்கா என்னிடம் வந்து, "சோறு எறங்க மாட்டேங்குது தம்பி அவுகளுக்கு. நீங்களாச்சும் ஏதாச்சும் சொல்லுங்க" என்று அழுதார். எனக்கே இறங்கவில்லை.

அந்த வாரம் நாங்கள் பட்ட பாடு, கற்றுக்கொள்ளும்போது கூடப் படவில்லை. கற்றதை மறக்க யாரும் வாத்தியார் கிடையாது. பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் கை தானாகத் திரும்பிப் போகும். மாஸ்டர் நிறுத்துவார். வாய்ப்பகுதியைக் கழற்றித் துடைப்பார். "நான் தப்பா ஊதிட்டேன். இன்னொருக்கா" என்பார். எத்தனையோ வருடம் எங்கள் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு சொன்ன அதே வார்த்தைதான். இந்தத் தடவை அவர் அதை நிஜமாகவே சொல்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. கேசட்டை நம்பியது அவர், தீர்மானம் என்று சொன்னது அவர்.

சின்னப்பன் பாடு இன்னும் மோசம். மற்றவர்கள் ஒழுங்காகத் தாண்டிவிட்டாலும் அவன் கை மட்டும் பழக்க தோஷத்தில் 'தொம்' என்று போட்டுவிடும். கடைசியில் அந்த இடம் வரும்போது டிரம் கட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துவிட்டான்.

ஒரு வழியாகச் சரியாக வந்த அன்று, வெளியே பந்தலுக்குக் கீழே திராட்சை பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா கொட்டகைக்குள் தலையை நீட்டினார். "என்ன மாஸ்டர், அந்த எடத்த விட்டுட்டீக? நல்லாருக்குமே அது!" என்றார். மாஸ்டர் டிரம்பெட்டைச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

குழு வந்தது. புல்வெளியில் நாற்காலி போட்டு முப்பது நாற்பது பேர், எல்லோரும் வயதானவர்கள். மேகம் இல்லாத நாள், தோல் காய்ச்ச வேண்டியிருக்கவில்லை. முதல் இரண்டு பாட்டுக்கே அவர்கள் கால்தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது பாட்டை ஆரம்பித்தோம். நான் என் வெட்டை வெட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தேன். மெலிந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, தலை முழுக்கப் பஞ்சு, எழுந்து வந்து எங்கள் மேடைக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டார். ஒரு கை நாற்காலி முதுகைப் பிடித்திருந்தது, கால்கள் மெல்ல ஆடின.

அந்த இடம் வந்தது. நாங்கள் ஏழு பேரும் ஒழுங்காகத் தாண்டினோம். அந்த அம்மா மட்டும் சரியாக அதே இடத்தில் ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலோடு கொக்கு மாதிரி நின்றுவிட்டார். பாட்டு அவரை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது. காலை மெதுவாகக் கீழே வைத்து, பழைய இடத்தில் போய் உட்கார்ந்து, குனிந்துகொண்டார். கண் சும்மா இருந்ததால் நான் இதைப் பார்த்தேன்.

முடிந்ததும் நல்ல கைதட்டல். குரியன் சார் தூரத்தில் இருந்தே எங்களைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். வேலை நிலைத்துவிட்டது என்று சின்னப்பன் சிலுவை போட்டுக்கொண்டான். மாஸ்டர் மட்டும் அன்று காலையிலிருந்தே சிரிக்கவில்லை, அப்போதும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் குரியன் சார் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக எங்களிடம் கூட்டி வந்தார். அவர் பெயர் மார்கரெட்டாம். அந்த அம்மா பேசப் பேசக் குரியன் சார் தமிழில் சொன்னார்.

"கல்யாணம் கழிஞ்ச புதுசிலே இவங்க இங்கே மலையிலே ஒரு எஸ்டேட்டிலே இருந்ததாம், மாஸ்டரே. அங்கே கிளப்பிலே ரெக்கார்டு கொஞ்சம்தான். எல்லா சனிக்கிழமையும் அதையே போட்டு ஆடுவாங்க. இந்தப் பாட்டு ரெக்கார்டு ஒரு இடத்திலே…"

குரியன் சார் நிறுத்திவிட்டார். அந்த அம்மா ஒரு விரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றிக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு குதிகாலால் புல்தரையைத் தட்டினார்.

"…சிக்குமாம்" என்றார் குரியன் சார். "இவங்க பர்த்தாவுக்கு டான்ஸே வராதாம். கூட்டத்திலே இவங்க காலையே மிதிப்பாராம். ஆனா அந்த இடம் வந்தா அவர்தான் ராஜா. மூணு குதி குதிச்சு, பலகைத் தரையிலே ஓங்கி ஒரு மிதி. ஊசி தாண்டிப் போகும். அவர் மரிச்சுப் போயிட்டார். ஊருக்குப் போன பிறகு இந்தப் பாட்டை இவங்க எத்தனையோ தடவை வாங்கிப் போட்டுப் பார்த்ததாம். எதிலும் சிக்கலையாம்."

உள்ளே வரவேற்பறைச் சுவரில், கிளப் பெட்டியிலிருந்து எடுத்த ரெக்கார்டு ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாக அது தெரிந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், கடைசியாக எங்களைப் பார்த்தார். நாங்கள் இதை எப்படி வாசித்துக்கொண்டிருந்தோம் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. குரியன் சார் இன்னும் அதைச் சொல்லவில்லை.

மாஸ்டர் வாய்ப்பகுதியைக் கழற்றினார். சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்தார். திரும்ப மாட்டினார்.

"நான் தப்பா ஊதிட்டேன்" என்றார். "இன்னொருக்கா."

சின்னப்பன் டிரம் கட்டையைத் திரும்ப வலது கைக்கு மாற்றிக்கொண்டான். "அடிக்கலாமா மாஸ்டர்?"

"அடிடா."

ஆரம்பித்தோம். அந்த அம்மா பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார், முகத்தில் ஒன்றும் எதிர்பார்ப்பு இல்லை, மரியாதைக்கு நிற்கிற மாதிரிதான் நின்றார். அந்த இடம் வந்தது. முதல் தடவை. துண்டு திரும்பி வந்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். உடனே கையை எடுத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்தபடி குதித்தார். அந்த வயதில் அரை அடி கூட இல்லை, ஆனால் குதிதான். மூன்றாவதுக்கும் குதித்து, குதிகாலை ஓங்கி வைத்தார். சின்னப்பன் அடியும் அந்தக் காலும் ஒன்றாக இறங்கின. கூட்டம் மொத்தமும் சிரித்தது, அந்த அம்மாவும் அழுதுகொண்டே சிரித்தார்.

அந்த அடிக்கு அடுத்து டிரம்பெட் வர வேண்டும். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன், மாஸ்டரின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது, காற்று நிற்கவில்லை. நான் வெட்டிக்கொண்டே இருந்தேன், ஜக் ஜக் ஜக் ஜக், தூண் ஆடக் கூடாது என்று. ஒரு சுற்றுக்குப் பிறகு அவர் வந்து சேர்ந்துகொண்டார். அன்று அவர் ஊதிய மாதிரி பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை.

குரியன் சார் அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இந்தப் பாட்டைத் தெரிந்தவர்கள் வந்தால் சரியாக வாசியுங்கள், மற்ற நாளில் உங்கள் இஷ்டம் என்று மட்டும் சொன்னார். விரல் மூட்டு மடங்க மறுத்த இரண்டாயிரத்துப் பத்து வரை நான் அங்கே வாசித்தேன். இப்போது வீட்டில் புல்புல்தாராக் கட்டைகளை ஒற்றை விரலால் அமுக்குவதோடு சரி. மாஸ்டர் டிரம்பெட்டை வைக்கவே இல்லை, சாகிற வருடம் வரை ஊதினார். அவருக்கும், சோறு போட்ட அந்த ஹோட்டலுக்கும், பெட்டியைத் தட்டிய பெயர் தெரியாத கம்பத்துக் கடைக்காரருக்கும் நான் கடன்பட்டவன்.

பையா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். உன் கைப்பேசியில் வருவது சரியான பாட்டு, அதைக் கற்றுக்கொள். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று வேனில் ஏறியதும் மாஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். லோயர் கேம்ப் வளைவுகள் முடியும் வரை சேலையில் சுற்றிய டிரம்பெட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

"சவரி, அவுக சிரிச்சது கேலி இல்லைல?"

"இல்ல மாஸ்டர்."

"தப்புன்னு தெரிஞ்சே வாசிச்சது இன்னைக்குத்தான்" என்றார். "எம்புட்டு சுத்தமா வந்துச்சு, பாத்தியா?"